குறைமாதக் குழந்தைகளுக்கு ஒரு சட்டம் வேண்டும்

உலகில் குறைமாதத்தில் பிறக்கும் குழந்தைகளில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் இந்தியாவில் பிறக்கின்றன. 2020-ஆம் ஆண்டில் உலகெங்கும் சுமார் 1 கோடியே 34 லட்சம் குழந்தைகள் 37 வாரங்கள் நிறைவடையும் முன்பே பிறந்ததாகவும், அவற்றுள் ஏறக்குறைய 30 லட்சம் குழந்தைகள் இந்தியாவில் பிறந்ததாகவும் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் பங்கேற்ற மதிப்பீடு 2023-இல் தெரிவித்தது. வேறெந்த நாட்டிலும் எண்ணிக்கை இந்த அளவை எட்டவில்லை. இருந்தும், குறைப்பிரசவம் ஏன் நிகழ்கிறது என்பதை ஆராயவும், அதுபற்றித் தாய்மாருக்கும் மருத்துவப் பணியாளர்களுக்கும் எடுத்துச் சொல்லவும், பிறந்த குழந்தையைக் காக்கவும் அரசைக் கடமைப்படுத்தும் தனிச் சட்டம் எதுவும் இந்நாட்டில் இல்லை.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் மரணத்துக்கான காரணங்களில் குறைப்பிரசவச் சிக்கல்களே உலக அளவில் முதலிடம் வகிக்கின்றன. 2019-இல் மட்டும் சுமார் 9 லட்சம் குழந்தைகள் இதனால் உயிரிழந்தனர். 28 வாரத்துக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் ஏழை நாடுகளில் முதல் சில நாள்களுக்குள் இறந்துவிடுகின்றன; செல்வந்த நாடுகளில் அப்படி இறப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. உயிர் பிழைப்பதும் பிழைக்காததும் பிறந்த இடத்தைப் பொறுத்தது என்றால் அதை விதி என்று சொல்லித் தப்பிக்க முடியாது. பிழைத்த குழந்தைகளுக்கும் சோதனை முடிந்துவிடுவதில்லை. பார்வை, செவிப்புலன், மூளை வளர்ச்சி, நுரையீரல் எனப் பல வகைகளில் பாதிப்பு ஆயுள் முழுவதும் தொடரக்கூடும்.

இத்தகைய நிலையில் பிற நாடுகள் என்ன செய்தன என்பது கவனிக்கத்தக்கது. அமெரிக்காவில் 2006 டிசம்பர் 22 அன்று அதிபர் ஜார்ஜ் புஷ் கையெழுத்திட்ட 'பிரீமி' சட்டம் குறைப்பிரசவ ஆய்வையும் விழிப்புணர்வுக் கல்வியையும் விரிவாக்குவதற்கென்றே இயற்றப்பட்டது. செனட் சபையில் அதை முன்னெடுத்தவர்கள் குடியரசுக் கட்சியின் லாமர் அலெக்சாண்டரும் ஜனநாயகக் கட்சியின் கிறிஸ் டாடும் ஆவர். குறைப்பிரசவத்தால் அந்நாட்டுக்கு ஆண்டுதோறும் குறைந்தது 2,620 கோடி டாலர் செலவாகிறது என்று அங்குள்ள மருத்துவக் கழகம் அதே ஆண்டில் கணக்கிட்டுச் சொல்லியிருந்தது. சட்டத்தின் கட்டளைப்படி 2008-இல் நாட்டின் தலைமை மருத்துவ அதிகாரி வல்லுநர் மாநாட்டைக் கூட்டி, ஆய்வுக்கும் சிகிச்சைக்குமான திட்டத்தை வகுத்தார். 2013-லும் 2018-லும் அச்சட்டம் புதுப்பிக்கப்பட்டது.

பலன் கிடைத்ததா என்ற கேள்விக்கு நேர்மையான பதில் தேவை. அமெரிக்காவில் 2007-இல் 10.4 சதவீதமாக இருந்த குறைப்பிரசவ விகிதம் 2014-இல் 9.6 சதவீதமாகக் குறைந்தது. பின்னர் மீண்டும் ஏறி 2021-இல் 10.5 சதவீதத்தைத் தொட்டது. கறுப்பினத் தாய்மாரிடையே விகிதம் மற்றவர்களைவிட மிக அதிகமாகவே நீடித்தது. சட்டம் மட்டுமே எல்லாவற்றையும் சாதித்துவிடாது என்பதற்கு இது சான்று. ஆனால் ஏற்றமும் இறக்கமும் எந்த மாநிலத்தில், எந்தப் பிரிவினரிடையே என்று அந்நாட்டு மக்களவையும் மக்களும் ஆண்டுதோறும் அறிந்துகொள்ள முடிகிறது. நோயின் அளவு தெரிந்தால்தான் மருந்தின் அளவையும் தீர்மானிக்க முடியும்.

இந்தியாவின் சட்டப் புத்தகங்களில் குறைப்பிரசவம் என்ற சொல் அறவே இல்லை என்று கூற முடியாது. 1961-ஆம் ஆண்டின் மகப்பேறு பயன்கள் சட்டத்தின் 10-ஆவது பிரிவு, குறைப்பிரசவத்தால் உடல்நலம் குன்றும் பெண்ணுக்கு ஊதியத்துடன் ஒரு மாதம் வரை கூடுதல் விடுப்பு உண்டு என்று கூறியது. அந்தச் சட்டத்தை உள்வாங்கிய 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபோதும் இந்த ஏற்பாடு தொடர்ந்தது. ஆனால் இந்தச் சலுகை தாயின் நோய்க்கானது. குழந்தை எத்தனை வாரம் மருத்துவமனையில் கிடந்தாலும் அதற்காகத் தனி விடுப்பு கிடையாது. 2017-இல் மகப்பேறு விடுப்பு 12 வாரத்திலிருந்து 26 வாரமாக உயர்த்தப்பட்டது பெரும் முன்னேற்றம் என்பதை மறுப்பதற்கில்லை. எனினும் 28-ஆவது வாரத்தில் பிறந்த குழந்தை, இரண்டு மாதங்களை இன்குபேட்டரில் கழித்துவிட்டு வீடு திரும்பும்போது, தாயின் விடுப்பில் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோயிருக்கும். பிரிட்டனில் 2023-இல் இயற்றப்பட்டு 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த சட்டம், பிறந்த குழந்தை மருத்துவமனையில் ஒரு வாரமோ அதற்கு மேலோ தங்க நேர்ந்தால் தாய், தந்தை இருவருக்கும் 12 வாரம் வரை கூடுதல் விடுப்பு அளிக்கிறது. அது தனிநபர் மசோதாவாகத் தொடங்கிச் சட்டமானது என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

இந்தியாவில் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. மேற்கு வங்கத்தின் புருலியாவில் 2003-இல் தொடங்கப்பட்ட பச்சிளங்குழந்தை சிறப்புச் சிகிச்சைப் பிரிவு நாடு முழுவதற்கும் முன்மாதிரியானது. இன்று மாவட்ட மருத்துவமனைகளிலும் மருத்துவக் கல்லூரிகளிலுமாகச் சுமார் ஆயிரம் பிரிவுகள் இயங்குகின்றன. கர்ப்பிணிக்கும் பச்சிளங்குழந்தைக்கும் அரசு மருத்துவமனையில் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கும் திட்டம் 2011-இல் வந்தது. பச்சிளங்குழந்தை இறப்பை 2030-க்குள் ஆயிரத்துக்குப் பத்துக்கும் கீழே கொண்டுவரும் இலக்குடன் 2014-இல் தேசியச் செயல்திட்டம் வெளியிடப்பட்டது. மாதிரிப் பதிவு முறைக் கணக்கெடுப்பின்படி 2020-இல் அந்த எண் 20 ஆக இருந்தது. இலக்குக்கும் நிலைமைக்கும் இடையே இருந்த தொலைவு இதிலிருந்தே விளங்கும்.

திட்டம் என்பது அரசாணையால் பிறந்து, நிதி ஒதுக்கீட்டால் வாழ்வது. ஆட்சி மாறினாலோ முன்னுரிமை மாறினாலோ அது இளைத்துப்போகும். அதைக் கேட்டு நீதிமன்றம் செல்லும் உரிமை பெற்றோருக்கு எளிதில் கிட்டாது. இதற்குத் தமிழகத்தில் நிகழ்ந்த ஒரு வழக்கு கண்கூடான சான்று. 1996-இல் சென்னையில் ஓர் அரசு மருத்துவமனையில் 29-ஆவது வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குறைமாதக் குழந்தைகளுக்கு விழித்திரையில் ஏற்படக்கூடிய பாதிப்பு பற்றிப் பெற்றோருக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை. உரிய காலத்தில் கண் பரிசோதனையும் நடக்கவில்லை. குழந்தை பார்வையை இழந்தது. நுகர்வோர் ஆணையத்தில் தொடங்கிய வழக்கு 2015-இல்தான் உச்சநீதிமன்றத்தில் முடிவுக்கு வந்தது. சுமார் 1.8 கோடி ரூபாய் இழப்பீடு வழங்க நீதிமன்றம் ஆணையிட்டது. அதற்குள் அந்தக் குழந்தை பதினெட்டு வயதை எட்டியிருந்தாள்.

பிறந்த முதல் மாதத்துக்குள் செய்யப்படும் ஒரு கண் பரிசோதனையும், தேவைப்பட்டால் லேசர் சிகிச்சையும் பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காப்பாற்றிவிடும். 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் இப்பரிசோதனை வேண்டும் என்று மத்திய சுகாதாரத் துறையின் வழிகாட்டு நெறிமுறைகள் கூறுகின்றன. நெறிமுறை வேறு, சட்டக் கடமை வேறு. நெறிமுறையை மீறிய மருத்துவமனையைக் கேள்வி கேட்க ஒரு குடும்பம் இரு பத்தாண்டுகளை நீதிமன்றப் படிகளில் கழிக்க வேண்டியிருந்தது.

ஆய்வுத் துறையிலோ நம்பிக்கையூட்டும் செய்திகள் உள்ளன. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆதரவுடன் ஃபரீதாபாதில் உள்ள டிஎச்எஸ்டிஐ நிறுவனம் முன்னின்று நடத்தும் 'கர்ப்-இனி' ஆய்வு, குருகிராம் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணிகளைத் தொடக்கத்திலிருந்தே பின்தொடர்ந்து தகவல் திரட்டி வருகிறது. சென்னை ஐஐடி அறிஞர்களுடன் இணைந்து அது 2024-இல் வெளியிட்ட கணிப்பு முறை, இந்தியக் கருவின் வயதை ஸ்கேன் வழியே துல்லியமாக அறிய உதவுகிறது. மேலைநாட்டுப் பெண்களை வைத்து வகுக்கப்பட்ட சூத்திரங்களையே மருத்துவர்கள் இங்கு பயன்படுத்தி வந்தனர். கருவின் வயதே தவறாகக் கணிக்கப்பட்டால் எது குறைப்பிரசவம், எது நிறைமாதப் பிரசவம் என்பதே குழம்பிவிடும் அல்லவா?

தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை பங்கேற்ற மற்றோர் ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. இந்தியாவிலும் நான்கு ஆப்பிரிக்க நாடுகளிலுமாக ஐந்து மருத்துவமனைகளில் நடந்த அந்த ஆய்வில், எடை குறைந்த குழந்தையைப் பிறந்தவுடனேயே தாயின் மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறைப் பராமரிப்பு, முதல் 28 நாள்களில் ஏற்படும் மரணத்தைக் கால் பங்கு குறைப்பது தெரியவந்தது. குழந்தையின் நிலை சீரான பிறகே இம்முறையைத் தொடங்குவது அதுவரை வழக்கம். 2021-இல் வெளியான இம்முடிவுகளைத் தொடர்ந்து உலக சுகாதார நிறுவனம் 2022-இல் தன் பரிந்துரையையே மாற்றிக்கொண்டது. இதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். தாயைத் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அனுமதித்து, அங்கே அவளுக்கு ஒரு கட்டில் தந்தால் போதும். ஆனால் அந்தக் கட்டிலுக்கான இடமும், கூடுதல் செவிலியரும் நாட்டின் எல்லா மாவட்டங்களிலும் கிடைக்கச் செய்வது யார் பொறுப்பு என்பதற்குச் சட்டத்தில் விடையில்லை.

அத்தகைய சட்டத்தில் என்னென்ன இடம்பெற வேண்டும்? முதலாவது, கணக்கு. பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின் கீழ் நிரப்பப்படும் பிறப்புப் படிவத்தில் குழந்தையின் எடைக்கும் கர்ப்ப காலத்தின் வாரங்களுக்கும் கட்டங்கள் உள்ளன. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி நாட்டில் 88 சதவீதத்துக்கும் அதிகமான பிரசவங்கள் மருத்துவ நிலையங்களிலேயே நடக்கின்றன. ஆகவே அந்தக் கட்டங்களைச் சரியாக நிரப்புவதைக் கட்டாயமாக்கி, மாவட்டவாரியாக ஆண்டுதோறும் வெளியிடுவது இயலாத செயலன்று. இரண்டாவது, ஆய்வுக்கென நிலையான நிதி. ரத்தசோகை, நோய்த்தொற்று, உயர் ரத்த அழுத்தம், இளவயதுத் திருமணம், காற்று மாசு எனப் பல காரணங்கள் சுட்டப்படுகின்றன. கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கும் மேல் ரத்தசோகை உள்ளதாக அதே குடும்ப நல ஆய்வு கூறுகிறது. எந்தக் காரணத்தின் பங்கு எவ்வளவு என்பதை இந்திய மண்ணிலேயே ஆராய்ந்தாக வேண்டும்.

மூன்றாவது, கல்வி. குறைப்பிரசவ அறிகுறி தென்படும் பெண்ணைப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்பும் முன், கருவின் நுரையீரலைப் பக்குவப்படுத்தும் ஸ்டெராய்டு ஊசியின் முதல் தவணையைத் துணைச் செவிலியரே போடலாம் என்று 2014-இல் மத்திய அரசு அனுமதி அளித்தது. அனுமதி தந்தால் மட்டும் போதாது. எந்தப் பெண்ணுக்குப் போடுவது, எவருக்குத் தவிர்ப்பது என்ற பயிற்சி கடைசி துணைச் சுகாதார நிலையம் வரை சென்றடைய வேண்டும். நான்காவது, கண், செவி, வளர்ச்சிப் பரிசோதனைகளைக் குழந்தையின் உரிமையாக்குவது. ஐந்தாவது, குழந்தை மருத்துவமனையில் இருக்கும் நாள்களுக்கு ஈடான கூடுதல் விடுப்பும், அமைப்புசாராத் தொழிலில் உள்ள தாய்க்கு அந்நாள்களுக்கான உதவித்தொகையும்.

சுகாதாரம் மாநிலப் பட்டியலில் உள்ளது, மத்திய அரசு இதில் எப்படிச் சட்டம் இயற்றும் என்ற ஆட்சேபம் எழலாம். ஆனால் மகப்பேறு பயன்களும், பிறப்பு, இறப்புப் பதிவும் பொதுப்பட்டியலில் உள்ளவை. ஆய்வை வளர்க்கும் மத்திய நிறுவனங்கள் மத்தியப் பட்டியலில் இடம்பெற்றவை. மருத்துவமனை நிர்வாகத்தை மாநிலங்களிடமே விட்டுவிட்டு, கணக்கு, ஆய்வு, விடுப்பு ஆகியவற்றை மத்தியச் சட்டத்தில் சேர்க்கத் தடையேதும் இல்லை.

இருக்கும் சட்டங்களே நிறைவேறாதபோது இன்னொரு சட்டம் எதற்கு என்ற வாதம் இதைவிட வலுவானது. 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் கர்ப்பிணிகளுக்குக் குறைந்தது 6,000 ரூபாய் உதவித்தொகை என்று உறுதியளித்தது. நான்கு ஆண்டுகள் கழித்து வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டமோ முதல் குழந்தைக்கு மட்டும் 5,000 ரூபாய் என்று சுருங்கியது. எனினும், உறுதியளித்ததைவிடக் குறைவாகத் தரப்படுகிறது என்று சுட்டிக்காட்ட முடிவதே அந்தச் சட்டம் இருப்பதால்தான். சட்டமே இல்லாத இடத்தில் குறையைச் சொல்வதற்கான அளவுகோலும் இல்லை.

அரசு முன்வரத் தயங்கினால் உறுப்பினர்கள் முன்வரலாம். சுதந்திர இந்தியாவில் சட்டமான தனிநபர் மசோதாக்கள் பதினான்குதான். கடைசியாக அவ்வாறு நிறைவேறியது 1970-இல். ஆயினும் வெள்ளிக்கிழமைப் பிற்பகல்களில் விவாதிக்கப்படும் அம்மசோதாக்கள் வீண் என்று கொள்ளத் தேவையில்லை. திருநங்கையர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதா 2015 ஏப்ரலில் மாநிலங்களவையில் நிறைவேறியது. மக்களவையில் அது சட்டமாகவில்லை என்றாலும், 2019-இல் அரசே ஒரு சட்டத்தைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அரசின் மசோதாவில் குறைகள் இருந்ததாக விமர்சனம் எழுந்தது வேறு செய்தி. ஆனால் பொருள் அவையின் கவனத்துக்கு வந்துவிட்டது.

குறைமாதக் குழந்தைக்கு வாக்கு இல்லை. அதன் பெற்றோருக்குச் சங்கமும் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் காத்திருக்கும் நாள்களில் அவர்களுக்கு மனு எழுத நேரமும் இருப்பதில்லை. ஆண்டுக்கு 30 லட்சம் குடும்பங்களைத் தொடும் ஒரு துயரம் அவையின் குரலாக ஒலிக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம். கட்சி வேறுபாடுகளுக்கு இடமே இல்லாத இப்பொருளில் எல்லாக் கட்சிகளின் உறுப்பினர்களும் சேர்ந்து ஒரு மசோதாவைக் கொண்டுவந்தால், எதிர்ப்பதற்கு எவருக்கும் காரணம் இராது. நவம்பர் 17-ஆம் தேதி உலகக் குறைப்பிரசவ விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. நாடாளுமன்றத்தின் குளிர்காலக் கூட்டத்தொடரும் பெரும்பாலும் அதையொட்டியே தொடங்குகிறது. அறிக்கைகளோடும் வாழ்த்துச் செய்திகளோடும் அந்த நாள் கழிவதைவிட, அவையில் ஒரு மசோதா தாக்கலாவதே பயனுடையதாகும்.