வாலாட்டும் தோழனுக்கு வீட்டிலேயே பிஸ்கட்



மாதந்தோறும் இப்பகுதியில் வீட்டார் உண்ணும் பதார்த்தங்களையே எழுதி வந்தேன். இம்மாதம் மேஜையைச் சுற்றி அமர்ந்திருப்பவர்களை விட்டு, மேஜைக்குக் கீழே காத்திருக்கும் ஒரு ஜீவனைக் குறித்து எழுதுகிறேன். அதற்கு ஒரு காரணம் உண்டு.

மும்பையில் எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு குடும்பம். தகப்பனாருக்கு இரவுப் பணி. தாயாரும் வேலைக்குச் செல்கிறார். பள்ளியிலிருந்து திரும்பும் மகன் தானே பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே செல்ல வேண்டும். ஊரிலே என்றால் பாட்டி வீடு, பெரியம்மா வீடு என்று நான்கு வாசல்கள் திறந்திருக்கும். இங்கே அவனை எதிர்கொண்டு வருவது ஒரு நாய்க்குட்டி மாத்திரமே. கிறிஸ்துமஸ் நாட்களில் தனக்குக் கிடைத்த பிளம் கேக்கில் பாதியை அவன் அதற்கு ஊட்டிவிட்டான். அன்றிரவே அது வாந்தி எடுக்கத் தொடங்கியது. மறுநாள் தண்ணீரும் குடியாமல் சுருண்டு கிடந்தது. கேக்கிலிருந்த உலர்திராட்சை சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது என்று கால்நடை மருத்துவர் கூறி, சில நாட்கள் டிரிப் ஏற்றினார். தேவ கிருபையால் அது பிழைத்துக்கொண்டது.

அந்தப் பிள்ளை என்னிடம், “நான் ஆசையாகத்தானே கொடுத்தேன், ஆன்ட்டி?” என்று கேட்டான். எனக்கு உடனே பதில் சொல்ல வாய் வரவில்லை. இந்தப் பக்கமே அவனுக்கு நான் சொல்லும் பதில்.

பிரியமானவர்களே, அன்போடு அறிவும் சேர வேண்டும். நீதிமொழிகள் 12:10-ஐ வாசித்துப் பாருங்கள். தன் வீட்டு மிருகத்தின் உயிரைக் குறித்துக் கவலைப்படுவது நீதிமானின் அடையாளங்களில் ஒன்றாக அங்கே சொல்லப்பட்டிருக்கிறது. ‘விசுவாசியின் வீட்டில் நாய் வளர்க்கலாமா’ என்று என்னிடம் கேட்பவர்கள் உண்டு. வளர்க்கலாமா என்பதைவிட, வளர்க்கத் தொடங்கிய பின் அதன் உயிருக்கு நாம் பொறுப்பாளிகள் என்பதையே நான் அவர்களுக்கு நினைவூட்டுவேன்.

முதலாவது, கொடுக்கக் கூடாதவற்றை அறிந்துகொள்ளுங்கள். திராட்சையும் உலர்திராட்சையும் சில நாய்களுக்குச் சிறிதளவே ஆனாலும் ஆபத்து. அவற்றிலுள்ள டார்டாரிக் அமிலமே இதற்குக் காரணமாயிருக்கலாம் என்று 2021-ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதே அமிலம் நம் சமையலறைப் புளியிலும் மிகுதி. புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே மீந்துபோன புளிக்குழம்பையும் ரசத்தையும் சோற்றில் பிசைந்து வைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். சாக்லேட்டிலுள்ள தியோப்ரோமின் அதன் இருதயத்தையும் நரம்புகளையும் தாக்கும். சர்க்கரை இல்லாதது என்று விற்கப்படும் சூயிங்கம் போன்றவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால், சிறிது நேரத்திலேயே இரத்தச் சர்க்கரையை அபாயகரமாகக் குறைத்துவிடும். வெந்த கோழி எலும்பு கூர்மையாக உடைந்து குடலைக் குத்தும்.

‘அப்படியானால் பிள்ளை ஆசையாக எதைத்தான் கொடுப்பது?’ என்று கேட்பீர்கள். இதோ, எளிய ஒரு பிஸ்கட். நாய் பிஸ்கட் என்பது பெரிய வித்தை அன்று. 1860-களில் லண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்னும் அமெரிக்கர் கோதுமையும் காய்கறியும் மாட்டின் இரத்தமும் சேர்த்துச் சுட்டு விற்றதிலிருந்தே இவ்வியாபாரம் வளர்ந்தது. நமக்கு அத்தனையும் வேண்டியதில்லை.

தேவையானவை: கோதுமை மாவு 1½ கப், கேழ்வரகு மாவு ½ கப், தோலும் விதையும் நீக்கி உப்பில்லாமல் வேகவைத்து மசித்த மஞ்சள் பூசணிக்காய் ¾ கப், முட்டை 1, எண்ணெய் 1 மேஜைக்கரண்டி. பூசணிக்காய் கிடைக்காவிட்டால் சர்க்கரைவள்ளிக் கிழங்கும் ஏற்றதே.

செய்முறை: எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்து, தண்ணீர் ஊற்றாமல் சப்பாத்தி மாவைப்போல் பிசையுங்கள். கையில் ஒட்டினால் சிறிது கோதுமை மாவு தூவிக்கொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் கனத்தில் தேய்த்து, 4 சென்டிமீட்டர் அகலமுள்ள சிறு மூடியால் வெட்டுங்கள். சுமார் 60 துண்டுகள் வரும். ஓவனில் 180 டிகிரியில் 25 முதல் 30 நிமிடம் சுட்டு, அணைத்தபின் ஒரு மணி நேரம் உள்ளேயே விடுங்கள். ஈரம் நன்றாகப் போய் மொறுமொறுப்பாகும்.

ஓவன் இல்லாதவர்கள் கலங்க வேண்டாம். கனமான வாணலியில் மணல் அல்லது கல்லுப்பைப் பரப்பி, நடுவே ஒரு வளையம் வைத்து, மூடி போட்டுப் பத்து நிமிடம் சூடாக்குங்கள். பின்பு பிஸ்கட்டுகளைத் தட்டில் அடுக்கி வளையத்தின்மேல் வைத்து, மூடி, இளந்தீயில் 40 நிமிடம் வேகவிடுங்கள். பாதி நேரத்தில் ஒருமுறை திருப்பிப் போடுங்கள்.

உப்பு, சர்க்கரை, வெல்லம் எதையும் சேர்க்க வேண்டாம். நம் நாவுக்கு அது சப்பென்று இருக்கும். நாயோ சுவையைவிட மணத்தையே நாடும் பிராணி. நன்றாக ஆறியபின் காற்றுப் புகாத டப்பாவில் வைத்தால் ஒரு வாரம் இருக்கும். மழைக்காலத்தில் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். பூஞ்சை பிடித்ததை, நாய்க்குத்தானே என்று கொடுத்துவிடாதீர்கள்.

அளவு மிக முக்கியம். இத்தகைய தின்பண்டம் ஒரு நாளின் உணவில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு மூன்று துண்டுகள் போதும். முதல் முறை ஒரு துண்டு மாத்திரம் கொடுத்து, ஒரு நாள் கவனித்துப் பாருங்கள். சிறு குட்டிகளுக்கும், சிறுநீரக நோயோ நீரிழிவோ உள்ள நாய்களுக்கும் மருத்துவரைக் கேட்டே கொடுங்கள். தவறுதலாகத் திராட்சையோ சாக்லேட்டோ தின்றுவிட்டால், வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரிடம் கொண்டுசெல்லுங்கள். ஜெபித்துக்கொண்டே போங்கள், ஜெபித்துவிட்டு வீட்டில் இருந்துவிடாதீர்கள்.

மாற்கு 7-ஆம் அதிகாரத்தில், தன் மகளுக்காக மன்றாடிய சீரோபேனிக்கியா ஸ்திரீயை நினைத்துப் பாருங்கள். பந்தியிலிருந்து சிதறும் சிறு துண்டுகளும் நாய்க்குட்டிகளுக்கு உரியவை என்று அறிந்திருந்த வீட்டுப் பெண் அவள். அந்த எளிய காட்சியைச் சொல்லியே அவள் ஆண்டவரிடம் பதில் பெற்றாள். நம் மேஜையிலிருந்து சிதறுவது எதுவாயினும், அது கீழே காத்திருக்கும் ஜீவனுக்கு நன்மையாயிருக்கட்டும்.

அந்தச் சிறுவனின் வீட்டில் இப்போது சனிக்கிழமை மாலைகளில் பூசணிக்காய் வேகிற மணம் வருகிறது. தாயார் மாவு தேய்க்க, மகன் மூடியால் வெட்டுகிறான். வாரத்தில் அவ்விருவரும் அருகருகே நின்று பேசிக்கொள்ளும் நேரம் அதுதான் என்று அந்தச் சகோதரி என்னிடம் சொன்னபோது கண்கலங்கினார். நாய்க்குட்டி காலடியில் உட்கார்ந்து காத்திருக்கிறதாம்.

உங்கள் பிள்ளைகளையும் அழைத்து ஒருமுறை செய்து பாருங்கள். கர்த்தர் உங்கள் இல்லத்தையும், அதில் சுவாசமுள்ள யாவற்றையும் காத்துக்கொள்வாராக. ஆமென்.