வீட்டுக் கணினிக்கு மற்றொரு வழி



2025 அக்டோபர் 14ஆம் நாளோடு, 'விண்டோஸ் 10' என்னும் இயங்குதளத்திற்கு அளித்துவந்த வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுவனம் முடித்துக்கொண்டது. அடுத்து வந்த 'விண்டோஸ் 11' இயங்குதளமோ, குறிப்பிட்டதொரு பாதுகாப்புச் சில்லும் ஓரளவு புதிய செயலியும் உள்ள கணினிகளையே ஏற்கிறது. இதனால், பிள்ளைகளின் படிப்பிற்காகப் பத்தாண்டுகளுக்கு முன் சிறுகச் சிறுகச் சேமித்து வாங்கிய கணினி, பழுது ஏதும் இன்றியே பயனற்றது என ஒதுக்கப்படும் நிலை தோன்றியுள்ளது. புதிதாக ஒன்று வாங்கப் பல்லாயிரம் ரூபாய் வேண்டும். அதற்கெனக் கடன்படத் துணியுமுன், ஆராய்ந்து பார்க்கத்தக்க வேறு வழி ஒன்று உண்டென்பதை எடுத்துரைக்கவே இம்மாதம் இப்பக்கத்தைப் பயன்படுத்த எண்ணினோம்.

இயங்குதளம் என்பது யாது? கூட்டுக் குடும்பத்தில் அரிசி அளந்து கொடுப்பதும், யாருக்கு எவ்வேலை என வகுப்பதும், வந்தவரை வரவேற்பதும் மூத்தவர் ஒருவர் பொறுப்பாயிருக்கும் அன்றோ? அவ்வாறே கணினியின் செயலி, நினைவகம், வன்தட்டு, திரை, விசைப்பலகை அனைத்தையும் ஒழுங்குபடுத்தி ஆளும் அடிப்படை மென்பொருளே இயங்குதளம். விண்டோஸ் போன்றவற்றின் மூலநிரல் அதனை ஆக்கிய நிறுவனத்தின் உடைமை. பிறர் அதைப் படிக்கவோ திருத்தவோ பகிரவோ இயலாது. இம்மூன்றையும் எவரும் செய்துகொள்ள இசைவளிக்கும் மென்பொருள்களைத் 'திறமூல மென்பொருள்' என்பர்.

இதன் வரலாறு சுவையானது. 1983 செப்டம்பரில், அமெரிக்காவின் எம்.ஐ.டி. கல்வி நிறுவனத்தில் பணியாற்றிய ரிச்சர்டு ஸ்டால்மன், யாவரும் தடையின்றிப் பயன்படுத்தத்தக்க 'க்னூ' என்னும் இயங்குதளத்தை உருவாக்கப்போவதாக அறிவித்தார். அதன் உறுப்புகள் பல உருவாயினும், நடுநாயகமான கருநிரல் நிறைவுறவில்லை. 1991இல் பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், தம் வீட்டுக் கணினியில் பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிவருவதாக ஆகஸ்ட் 25ஆம் நாள் வெளியிட்டார். அப்பொழுது அவருக்கு வயது 21. 'லினக்ஸ்' எனப் பெயர்பெற்ற அக்கருநிரலை, மறு ஆண்டிலேயே எவரும் பகிர்ந்து திருத்தும் உரிமத்தின்கீழ்க் கொண்டுவந்தார். பன்னாட்டு வல்லுநரும் அதில் கைகோத்தனர். அதனை அடிப்படையாகக் கொண்டு 1993இல் டெபியன், 2004இல் உபுண்டு, 2006இல் லினக்ஸ் மின்ட் எனப் பல தொகுப்புகள் பிறந்தன.

'இலவசமாய்க் கிடைப்பது தரமாயிருக்குமோ?' என ஐயுறுவோர் உளர். உலகின் மிக விரைவான 500 மீக்கணினிகள் யாவும் 2017 நவம்பர்ப் பட்டியலில் லினக்ஸ் வழியே இயங்கின. நம் கைகளில் உள்ள ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கருநிரலே. அண்டை மாநிலமாகிய கேரளத்தின் பள்ளிகளில் கணினிக் கல்வி பல்லாண்டுகளாக இதனைக் கொண்டே நடைபெறுகின்றது. சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனமும் 'பாஸ்' என்னும் இந்திய லினக்ஸ் தொகுப்பை உருவாக்கியுள்ளது.

இங்கே மனச்சான்றைத் தொடும் செய்தி ஒன்றும் உண்டு. கடையில் சில நூறு ரூபாய் கொடுத்து, உரிமமற்ற விண்டோஸ் படியைப் பதித்துக்கொள்வது பல இல்லங்களில் குற்றமாகவே கருதப்படுவதில்லை. பிறர் உழைப்பை விலை கொடாது எடுத்துக்கொள்வது தவறு எனப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நாம், அவர்கள் கண்முன்னே அதனைச் செய்தல் தகுமா? முறையாக விலை கொடுத்து வாங்குதல் ஒரு வழி. வழங்குவோரே மனமுவந்து தருவதை ஏற்றுக்கொள்ளுதல் மற்றொரு வழி. இரண்டும் நேர்மையானவையே.

இனிச் செய்முறைக்கு வருவோம். லினக்ஸ் மின்ட் தொகுப்பிற்கு 2 ஜி.பி. நினைவகமும் 20 ஜி.பி. வன்தட்டு இடமும் குறைந்த அளவுத் தேவை. 4 ஜி.பி. நினைவகம் இருப்பின் நன்று. அத்தொகுப்பின் கோப்பை அதற்குரிய இணையதளத்திலிருந்தே இறக்கி, 'ரூஃபஸ்' போன்ற மென்பொருளால் 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றில் எழுதவேண்டும். வெறுமனே படியெடுத்தால் கணினி அதிலிருந்து தொடங்காது. அந்தப் பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும் என்பதையும் மறவாதீர். பின்னர் அதனைக் கணினியில் செருகி, இயக்கும்போதே எஃப்12 அல்லது அந்நிறுவனம் குறித்துள்ள விசையை அழுத்தி, பென் டிரைவிலிருந்து தொடங்குமாறு செய்யவேண்டும். நிறுவும் கட்டளையை நாம் தராத வரையில் வன்தட்டில் உள்ளவை அப்படியே இருக்கும். இணைய இணைப்பு, ஒலி, அச்சுப்பொறி, தமிழ்99 விசைப்பலகை ஆகியவற்றை இந்நிலையிலேயே சோதித்தறியலாம். நிறைவு தராவிடின் கணினியை அணைத்துப் பென் டிரைவை எடுத்துவிட்டால் பழைய விண்டோஸ் முன்போலவே வரும்.

நிலையாக நிறுவுவதே எச்சரிக்கை வேண்டும் கட்டம். 'வட்டு முழுவதையும் அழித்து நிறுவுக' என்னும் தெரிவை எண்ணாது அழுத்தினால், திருமண நிழற்படங்களும், மறைந்த பெற்றோரின் குரற்பதிவுகளும், மகளின் கல்லூரிக் கட்டுரைகளும் ஒரு நொடியில் அகன்றுவிடும். ஆதலின் முதற்கண் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, அப்படி திறக்கின்றதா என வேறொரு கணினியில் சரிபார்த்தல் இன்றியமையாதது. விண்டோசின் 'பிட்லாக்கர்' பூட்டு இயங்கும் கணினியாயின், அதன் மீட்புச் சாவியையும் முன்னரே எழுதி வைத்துக்கொள்க. இடம் இருப்பின் விண்டோசும் லினக்சும் அருகருகே இருக்குமாறும் நிறுவலாம்.

குறைகளையும் மறைத்தல் கூடாது. கணக்கெழுதப் பயன்படும் டேலி போன்ற மென்பொருள்கள் விண்டோசுக்கென ஆக்கப்பட்டவை. அவற்றால் பிழைப்பு நடத்துவோர் மாறுதல் பொருந்தாது. சில அச்சுப்பொறிகள் இணங்க மறுக்கலாம். 'லிப்ரே ஆஃபிஸ்' எழுத்துப் பணிகளுக்குப் போதுமாயினும், வேர்டு கோப்புகளின் பக்க அமைப்பு சிற்சில இடங்களில் பிறழும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டெழுதிய கோப்புகளுக்கு, அவ்வெழுத்துருவை இங்கும் நிறுவவேண்டும். அன்றேல் அவற்றை ஒருங்குறிக்கு மாற்றிக்கொள்ளவேண்டும்.

இவ்வாராய்ச்சியைப் பிள்ளைகளிடம் மட்டும் விட்டுவிடாதீர்கள். விடுமுறை நாளொன்றில் தந்தையும் தாயும் உடனமருங்கள். பெற்றோர் கேள்வி கேட்கவும், பிள்ளை பொறுமையோடு விளக்கவும் அமையும் வேளைகள் இல்லங்களில் அரிதாகிவிட்டன. தாம் அறிந்ததைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கும் பிள்ளை அதனை மேலும் நன்கு அறிந்துகொள்வான். கணினி அன்றாடம் எவ்வளவு நேரம், எதற்காகப் பயன்படுகின்றது என்பதும் அப்பொழுது இயல்பாகவே பெற்றோருக்குத் தெரியவரும்.

சோதித்துப் பார்த்தபின் உங்கள் பழைய கணினி போதுமெனத் தோன்றினால், புதியதற்கென எடுத்துவைத்த பணத்தைக் கல்லூரிக் கட்டணத்திற்கோ மருத்துவச் செலவிற்கோ பயன்படுத்துங்கள். போதாதெனத் தோன்றினால், தேவையை அறிந்தே புதியதை வாங்குவீர்கள். எவ்வாறாயினும், நிழற்படங்களைப் படியெடுக்கும் வேலையை இவ்வாரமே முடித்துவிடுங்கள்.