ஸ்டியரிங் யார் கையில்?

நான் வேலை பார்க்கும் வங்கிக்கு மாசம் ஒருமுறை வருவார் அந்த அண்ணன். தனியார் பள்ளி வண்டியில் பதினாலு வருசமாகக் கிளீனர். பிள்ளைகள் வாந்தி எடுத்தால் அள்ளுகிறவர் அவர்தான். ரிவர்ஸ் எடுக்கையில் பின்னால் நின்று "வரட்டும், வரட்டும்" என்று கத்துகிறவரும் அவர்தான். ஸ்டியரிங் மட்டும் எப்போதும் ஊர்க்காரர் கையில்.

"நீங்க ஓட்டக் கூடாதாண்ணே?"

"அஞ்சாப்புதான் தம்பி. எட்டு பாஸ் கேட்டான். அதோட விட்டுட்டேன்."

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 8ஆம் விதி அப்படித்தான் சொன்னது: பொதுப் போக்குவரத்து, சரக்கு வண்டி ஓட்ட எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். எட்டாவதைத் தாண்டாமல் மாடு மேய்க்கவும் செங்கல் சுமக்கவும் விரட்டப்பட்டது யாருடைய பிள்ளைகள்? முதலில் பள்ளியை விட்டுத் துரத்தினான். பிறகு, பள்ளிக்குப் போகலியே என்று வண்டியை விட்டும் இறக்கினான்.

2019இல் இந்த விதியை நீக்கினார்கள். நாட்டில் சுமார் 22 லட்சம் ஓட்டுநர்கள் பற்றாக்குறை என்று மத்திய அமைச்சகமே அப்போது சொன்னது. ஆள் கிடைக்காதபோதுதான் கதவு திறக்கிறது! அதையும் அண்ணனிடம் நான் சொல்லித்தான் தெரிந்தது. "ஒருத்தரும் சொல்லலியே தம்பி" என்றார். சேரியில் வேலை செய்கிற நமக்கெல்லாம் விழுந்த அடி அது.

லைசென்ஸை எளிதாக்கினால் குழந்தைகள் உயிர் என்னாவது என்பார்கள். 2012 ஜூலையில் தாம்பரம் அருகே பள்ளிப் பேருந்தின் தளத்திலிருந்த ஓட்டை வழியே விழுந்து ஒரு சிறுமி செத்தாள். அந்த வண்டிக்குத் தகுதிச் சான்று கொடுத்தவர் படித்த அதிகாரிதான். அமெரிக்காவில் 2022இல் பள்ளிப் பேருந்து ஓட்ட ஆள் இல்லாமல் போனபோது, எஞ்சின் பாகங்களைக் காட்டி விளக்கும் தேர்வை மட்டும் மாநிலங்கள் தற்காலிகமாகத் தள்ளிவைக்க அனுமதித்தார்கள். ரோட்டில் ஓட்டிக்காட்டும் தேர்வில் கைவைக்கவில்லை. நாமும் அதைத்தான் சொல்கிறோம். கண் பரிசோதனையும் ஓட்டும் தேர்வும் கறாராக இருக்கட்டும். ஏஜென்டுக்குக் காசு தள்ளி வாங்குகிற லைசென்ஸ் ஒழியட்டும்.

எட்டாவது போனாலும் காசுச் சுவர் நிற்கிறது. முதலில் கார் லைசென்ஸ் எடுத்து ஒரு வருசம் காத்திருக்க வேண்டும். அப்புறம் ஹெவிக்குப் பயிற்சிப் பள்ளியின் சான்று வேண்டும். அண்ணன் விசாரித்துவிட்டு வந்தார். ரெண்டு மாசச் சம்பளம் கேட்கிறார்களாம்.

தாட்கோ கடனில் நம்மாள் பேரில் வண்டி எடுத்து, வேறொருவன் ஓட்டிச் சம்பாதிப்பதை கவுண்டருக்குள் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தவணை பாக்கி நோட்டீஸ் மட்டும் சேரிக்கு வரும். ஆகவே வண்டிக்குக் கடன் கொடுக்கும் முன்னால், ஹெவி லைசென்ஸ் கையில் வரும்வரை பயிற்சிச் செலவை தாட்கோவே முழுதாக ஏற்கட்டும். பள்ளி வண்டிகளில் வேலை செய்யும் கிளீனர்களுக்கு அதில் முன்னுரிமை வேண்டும்.

மாணவத் தோழர்களே, ஞாயிற்றுக்கிழமை சேரிக்குப் போகும்போது துண்டறிக்கையோடு லைசென்ஸ் விண்ணப்பத்தையும் எடுத்துப் போங்கள். உட்கார்ந்து நிரப்பிக் கொடுங்கள். நானும் வருகிறேன். படிவம் நிரப்புவதுதானே என் பிழைப்பு.