பள்ளி வாசலில் பெற்றோரும் நிற்கட்டும்

ஈரோடு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு,

மாவட்டச் சாலைப் பாதுகாப்புக் குழுவின் தலைவர் நீங்கள். காவல், நெடுஞ்சாலை, கல்வித் துறைகளை ஒரே மேசையில் உட்கார வைத்துப் பேச உங்களால் முடியும். அதனால்தான் இதை உங்களிடம் கேட்கிறேன்: காலையும் மாலையும் அரை மணி நேரம் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகள் சாலையைக் கடக்க உதவ முன்வரும் பெற்றோருக்கு முறையான பயிற்சியும் அனுமதியும் கொடுங்கள். 2022இல் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள் நடந்தன. நாட்டிலேயே அதுதான் அதிகம். 17,884 பேர் இறந்தார்கள். உலக அளவில் 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களை மிக அதிகமாகக் கொல்வது சாலை விபத்துதான் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

பெருந்துறை சாலையானாலும் கிராமத்துச் சாலையானாலும், காலை எட்டே முக்காலுக்குப் பள்ளி வாசலில் ஆபத்தை உண்டாக்குவது லாரியும் பஸ்ஸும் மட்டுமல்ல, பிள்ளையை விட வரும் நாமும்தான். கேட்டை ஒட்டியே இறக்கிவிட வேண்டும் என்று ஸ்கூட்டர்கள் இரண்டு மூன்று வரிசையாக நிற்கின்றன. பிள்ளை பையோடு வலப்பக்கம், வண்டி ஓடும் பக்கமாகவே இறங்குகிறது. நிற்கும் வேனுக்கும் ஆட்டோவுக்கும் நடுவிலிருந்து வெளியே வரும் ஒன்றாம் வகுப்புக் குழந்தை, ஓட்டுநர் கண்ணில் படுவது கடைசி நொடியில்தான். 50 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர் பிரேக்கில் கால் வைப்பதற்குள், ஒரே நொடியில், வண்டி ஏறக்குறைய 14 மீட்டர் ஓடிவிடும். 30 கிலோமீட்டர் என்றால் 8 மீட்டர். இந்த நெரிசலைக் குறைக்கப் போலீஸ்காரரைவிடப் பெற்றோரே பொருத்தமானவர்கள் என்பது என் எண்ணம். விசில் சத்தத்துக்கு அன்றைக்கு மட்டும் நகர்வோம். தினமும் முகம் பார்க்கும் இன்னொரு தாய், “வண்டிய அந்த வேப்பமரத்துக்கிட்ட நிறுத்திட்டு நடந்து வாங்கக்கா” என்றால் மறுநாளும் அங்கேயே நிறுத்துவோம்.

பழக்கமில்லாதவர்களைச் சாலையில் நிறுத்தினால் அவர்களுக்கே ஆபத்து என்று காவல் துறை சொல்லலாம். நியாயமான கவலைதான். ஆனால் வெறும் கையை நீட்டி வண்டிகளை மறிக்கும் பெற்றோர் இப்போதும் இருக்கிறார்கள். பயிற்சி இல்லாததுதான் அவர்களுக்கு ஆபத்து. பிரிட்டன் 1953இல் இதற்கென்றே சட்டம் இயற்றி, பள்ளிக் கடவையில் ‘நில்’ பலகை காட்டினால் வண்டிகள் நின்றே ஆக வேண்டும் என்று விதித்தது. ஜெர்மனியில் காவல் துறையிடம் பயிற்சி பெற்ற பெற்றோர் கடவைகளில் நிற்கிறார்கள். இங்கும் ஒளிரும் மேலாடை, கைப்பலகை, பயிற்சி ஆகியவற்றோடு, காவலர் இல்லாமல் பெரிய சாலையில் இறங்கக் கூடாது என்ற கண்டிப்பான விதியும் போதும். இன்னொரு கவலையும் உண்டு. ஜப்பானில் பெற்றோர் முறைவைத்துக் கொடி பிடிக்கும் வேலை பெரும்பாலும் தாய்மார்கள் தலையிலேயே விழுந்து, வேலைக்குப் போகும் பெண்களுக்குப் பெரும் சுமையானது. விசைத்தறியிலும் மில்லிலும் ஷிப்ட் பார்ப்பவர்கள் நிறைந்த இந்த மாவட்டத்தில் அந்தத் தவறு நடக்கக் கூடாது. யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம். தாத்தா பாட்டிகளும் ஓய்வு பெற்றவர்களும் சேரலாம்.

இவற்றையெல்லாம்விட எனக்குக் கனமாகத் தெரியும் மறுப்பு வேறு. பெற்றோர்தான் நிற்கிறார்களே, வேகத்தடையும் நடைபாதையும் எதற்கு என்று அரசுத் துறைகள் கைகழுவிவிடும் என்பது அது. நடக்கக்கூடியதுதான். எனவே அனுமதி ஆணையிலேயே ஒரு நிபந்தனை வேண்டும். எந்த இடத்தில் பிள்ளைகள் ஓடுகிறார்கள், எந்த வளைவில் வண்டி வேகம் குறைவதில்லை, எந்தப் பஸ் நிறுத்தம் வாசலை மறைக்கிறது என்பதெல்லாம் தினமும் அங்கே நிற்பவர்களுக்குத்தான் தெரியும். 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் குறைந்தது முக்கால்வாசிப் பேர் பெற்றோர். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அந்தக் குழுவே. வாசலுக்கு வெளியே உள்ள சாலையும் அந்தத் திட்டத்தில் இடம்பெறட்டும். வாசலில் நிற்பவர்கள் சொல்வதைக் கேட்டுக் குழு எழுதி அனுப்பும் ஒவ்வொரு குறைக்கும் நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர் ஒரு மாதத்துக்குள் எழுத்துப்பூர்வமாகப் பதில் தர வேண்டும் என்பதே அந்த நிபந்தனை. தனியார் பள்ளிகளில் பெற்றோர் ஆசிரியர் கழகம் இதைச் செய்யலாம்.

அடுத்த சாலைப் பாதுகாப்புக் குழுக் கூட்டத்தில் இதைப் பேசுபொருளாக வையுங்கள். ஜூனில் பள்ளி திறக்கும் முன், நெரிசல் மிகுந்த சாலைகளில் உள்ள சில அரசுப் பள்ளிகளிலாவது பயிற்சியைத் தொடங்கிவிட முடியும்.

இப்படிக்கு,
பள்ளிப் பிள்ளைகளின் பெற்றோரில் ஒருவர்