சான்று தேவை

தமிழ் விக்கிப்பீடியாவின் கட்டுரை எண்ணிக்கை ஒன்றரை இலட்சத்தைக் கடந்துவிட்டது. 2003இல் தொடங்கிய தன்னார்வப் பணிக்கு அது பெருமையே. ஆயினும் செயலிழந்த இணைப்பை மாற்றுவதும், பக்க எண் சேர்ப்பதும், படத்தின் உரிமத்தைச் சரிபார்ப்பதும் எழுத்தர் வேலை என்னும் இளக்காரம் ஆய்வாளரிடையே நிலவுகிறது. அந்த இளக்காரத்தை எதிர்த்தே இதை எழுதுகிறேன்.

மட்டாஞ்சேரி யூதர் செப்பேட்டை எடுத்துக்கொள்வோம். சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பானுக்கு வரிவிலக்கும் சிறப்புரிமைகளும் வழங்கி வட்டெழுத்தில் பொறித்தளித்த சாசனம் அது. யூதர்களின் மரபுவழிச் செய்தி அதன் காலத்தைக் கி.பி. 379 என்கிறது. எம்.ஜி.எஸ். நாராயணன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் கி.பி. 1000 என்கின்றனர். இடைவெளி 600 ஆண்டுகளுக்கு மேல்! சான்று ஏதுமின்றி 379 என்று மட்டும் எழுதிவிட்டால், அச்சாசனத்தின் மொழியை மாணவர் நான்காம் நூற்றாண்டுக்கு உரியதாகக் கொள்வார். தமிழும் மலையாளமும் பிரிந்த வரலாற்றின் காலக்கணக்கே குலைந்துவிடும். அதற்காக 379ஐ நீக்க வேண்டியதில்லை. எது மரபு, எது ஆய்வு முடிவு என்று தனித்தனிச் சான்றுடன் குறித்தால் போதும்.

படங்களின் நிலையும் இதுவே. 2017 ஜூலையில் இந்தியப் பிரதமர் இச்செப்பேட்டின் நகலை இஸ்ரேல் பிரதமருக்குப் பரிசளித்தார். நகலின் படத்தை மூலமென்று குறிப்பிட்டு வைத்தால், எழுத்தமைதியை ஆராய்பவர் இக்காலக் கைவினைஞரின் கீறலைச் சேரர் காலத்ததாகப் படிப்பார். செய்தி நிறுவனத்தின் படத்தை எடுத்து ஏற்றுவதும் தீர்வாகாது. இந்தியச் சட்டப்படி ஒளிப்படத்துக்கு, அதை எடுத்தவரின் வாழ்நாளும் அவர் மறைவுக்குப் பின் 60 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. விக்கிமீடியா பொதுவகம் அதை நீக்கும். கட்டுரை படமின்றி நிற்கும்.

"முதலில் எழுதுவோம், சான்று பிறகு வரும்" என்பார்கள். வருவதில்லை. நூல் கையிலிருக்கும்போது பக்க எண் குறிப்பது ஒரு நிமிட வேலை; ஐந்தாண்டு கழித்து வேறொருவர் அதைத் தேடுவது ஒரு வார வேலை. அதற்குள் சான்றற்ற அவ்வரியை ஒரு நாளிதழ் எடுத்தாளும். பின்னர் அந்நாளிதழையே சான்றாகக் காட்டி அவ்வரி உறுதிபெறும். பிழை இப்படித்தான் வரலாறாகிறது. ஆங்கிலம் அறிந்தவர் வேறு நூல்களோடு ஒப்பிட்டுக்கொள்வார். தமிழ் மட்டுமே அறிந்த மாணவருக்கோ பெரும்பாலும் அந்த ஒரு பக்கமே கதி.

ஆகவே ஆய்வாளர்களே, புதிய கட்டுரை தொடங்குமுன் உங்கள் துறையில் ஏற்கெனவே உள்ள ஐந்து கட்டுரைகளைத் திறவுங்கள். சான்றைப் படித்துப் பார்த்துப் பக்க எண் சேருங்கள். இணைப்பின் நகலை இணைய ஆவணகத்தில் சேமியுங்கள். படத்தின் கீழ் மூலமா நகலா, எங்கே, எப்போது எடுக்கப்பட்டது என்று எழுதுங்கள்.

ஆய்வேட்டில் சான்றில்லாத வரியை நெறியாளர் விடமாட்டார். ஐந்து தேர்வாளர் படிக்கும் ஏட்டுக்கு அவ்வளவு கண்டிப்பு. ஊரே படிக்கும் பக்கத்துக்கு அது வேண்டாம் என்பது எந்த நியாயம்?