அட்டையில் செய்த சுவிட்சுக்கு மார்க் இல்லையாம்

கொஞ்சம் நீளமான பதிவு. கொஞ்சம் கோபமான பதிவும்கூட. பொறுமை உள்ளவர்கள் படியுங்கள். மற்றவர்கள் வழக்கம்போல லைக் போட்டுவிட்டுப் போகலாம், நான் ஒன்றும் நினைக்க மாட்டேன்.

போன வாரம் மகன் குடும்பத்தோடு கொடும்பாளூர் வந்திருந்தான். ஆறாவது படிக்கிற பேரனுக்குப் பள்ளியில் ஒரு புராஜெக்ட். ஒரு மின்சுற்றும் ஒரு சுவிட்சும் செய்து வர வேண்டும். நானும் அவனும் திண்ணையில் உட்கார்ந்தோம். ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை, இரண்டு டிராயிங் பின், ஒரு ஜெம் கிளிப், டார்ச் லைட் பல்பு, இரண்டு பேட்டரி, கொஞ்சம் வயர். கிளிப்பின் ஒரு முனையை ஒரு பின்னுக்கு அடியில் மாட்டிவிட்டு, மறுமுனையைத் திருப்பி அடுத்த பின்னைத் தொட வைத்தால் பல்பு எரியும், விலக்கினால் அணையும். அவ்வளவுதான் சுவிட்ச்.

முதலில் எரியவில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. பேட்டரியைத் திருப்பிப் பார்த்தான், பல்பை மாற்றினான், வயர் முனையை இன்னும் கொஞ்சம் உரித்தான். அரை மணி நேரம் கழித்து அவனே கண்டுபிடித்தான். டிராயிங் பின்னின் தலையில் வெள்ளைப் பெயிண்ட். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தான், எரிந்தது. அவன் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஆடு மிரண்டு கயிற்றை இழுத்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் போன் வந்தது. "அப்பத்தா, நீட்டா இல்லைன்னு மிஸ் திருப்பிக் குடுத்துட்டாங்க. கிட்டு வாங்கிச் செய்யணுமாம்."

அன்று இரவே ஆன்லைனில் 1,150 ரூபாய்க்கு ஒரு பெட்டிக்கு ஆர்டர் போட்டாயிற்று. மருமகளைக் குறை சொல்ல மாட்டேன், மார்க் போய்விடுமோ என்ற பயம் எந்தத் தாய்க்கும் இருக்கும். என் கோபமெல்லாம் அந்தப் பெட்டி மேலும், அதைக் கேட்கிறவர்கள் மேலும்தான்.

பெட்டியை வீடியோவில் காட்டினார்கள். எல்லாம் கலர் பிளாஸ்டிக். டக் டக்கென்று ஒன்றோடொன்று மாட்டினால் எரிகிறது. சுவிட்ச் ஒரு கறுப்புக் கட்டைக்குள் இருக்கிறது. அமுக்கலாம், உள்ளே பார்க்க முடியாது. இரண்டு உலோகம் தொட்டால் ஓடும், பிரிந்தால் நிற்கும் என்பதுதான் அந்தப் பாடத்தின் உயிர். அதைத்தான் அந்தக் கட்டை மூடி மறைக்கிறது. பெயிண்ட் மின்சாரத்தைக் கடத்தாது என்று என் பேரன் அரை மணி நேரத்தில் கற்றுக்கொண்டானே, அதற்கு அந்த 1,150 ரூபாய்ப் பெட்டிக்குள் இடமே கிடையாது. அதில் எரியாவிட்டால் பிள்ளை செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான், ரிட்டர்ன் போடுவது.

இதை நான் மட்டும் பழைய காலத்துப் புலம்பலாகச் சொல்லவில்லை. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த அரவிந்த் குப்தா வாழ்நாள் முழுக்க இதைத்தான் செய்தார். 1972-ல் மத்தியப் பிரதேசத்து ஹோசங்காபாத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில், செய்து பார்த்துக் கற்கிற அறிவியல் திட்டம் ஒன்று தொடங்கியது. சில வருடம் கழித்து அங்கே போனவர், தீக்குச்சியும் சைக்கிள் வால்வ் டியூபும் வைத்துப் பாடம் சொல்லலாம் என்று காட்டினார். 2018-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். குப்பையிலிருந்து பொம்மை செய்கிற அவருடைய வீடியோக்கள் இணையத்தில் இலவசமாகக் கிடக்கின்றன.

அவர் பரப்பிய ஒரு குட்டி மோட்டாரை என் வகுப்பில் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு டார்ச் பேட்டரி, அதன் இரண்டு பக்கமும் ரப்பர் வளையத்தால் கட்டிய இரண்டு ஊக்கு, மேலே ஒரு காந்தம், ஊக்குகளின் கண்ணில் தொங்குகிற ஒரு செம்புக் கம்பிச் சுருள். கம்பிக்கு நாம் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் போய் நிற்போம், துண்டுக் கம்பி சும்மாவே கொடுப்பார்கள். அந்தக் கம்பி மேல் வார்னிஷ் இருக்கும். சுருளின் ஒரு முனையைச் சுற்றிலும் சுரண்ட வேண்டும், மறுமுனையை ஒரு பக்கம் மட்டும் சுரண்ட வேண்டும். ஆர்வக்கோளாறில் இரண்டையும் முழுக்கச் சுரண்டியவர்களுக்குச் சுருள் நடுங்கிவிட்டு நின்றுவிடும். ஏன்? பாதிச் சுற்றில் காந்தம் தள்ளுகிற திசை, மறுபாதியில் எதிராகிவிடும். அந்த மறுபாதியில் வார்னிஷ் குறுக்கே நின்று மின்சாரத்தை நிறுத்தினால், சுருள் தன் வேகத்திலேயே மிச்சத்தைச் சுற்றி வந்துவிடும். தன்னைத்தானே போட்டு அணைத்துக்கொள்கிற சுவிட்ச் அது. பிளேடால் ஒரு சுரண்டல், செலவு பூஜ்யம். எந்தக் கிட்டு இதைச் சொல்லிக் கொடுக்கும்?

இன்னொன்று. ஒரு வருடம் 'எதில் மின்சாரம் ஓடும்' என்று வீட்டிலிருந்து பொருள் கொண்டுவரச் சொன்னேன். ஒருத்தன் சிப்ஸ் பாக்கெட் கொண்டுவந்தான். வெள்ளி மாதிரி மின்னியது, ஆனால் எல்.இ.டி. எரியவே இல்லை. உலோகப் பூச்சு பிளாஸ்டிக் படலங்களுக்கு நடுவே இருக்கிறது. ஒரு பிள்ளை அவள் ஆத்தாவின் கிழிந்த பட்டுச்சேலைக் கரையைக் கொண்டுவந்தாள். பேட்டரியில் வைத்ததும் எரிந்தது! அசல் சரிகை பட்டு நூல் மேல் வெள்ளி இழை சுற்றித் தங்க முலாம் பூசியது அல்லவா? இந்தக் காலத்துப் பிளாஸ்டிக் சரிகையில் அது நடக்கவில்லை. (மறுநாள் இரண்டு அம்மாக்கள் தங்கள் சேலையைச் சோதித்துத் தரச் சொல்லி வந்து நின்றார்கள். ஒரு வீட்டில் சண்டை வந்ததாகக் கேள்வி. மின்சாரம் ஓடினாலே அசல் வெள்ளி ஆகிவிடாது, செம்புச் சரிகையிலும் ஓடும் என்று சொல்லி அனுப்பினேன்.)

2007-ல் அமெரிக்காவில் லியா பீக்லி என்கிற அம்மையார் வடிவமைத்த, துணியில் தைக்கிற மின்னணுப் பலகை விற்பனைக்கு வந்தது. மின்சாரம் கடத்தும் நூலால் அதைத் தைக்கிறார்கள். எம்.ஐ.டி.யில் 2011-ல் ஹன்னா பெர்னர்-வில்சன் என்ற பெண், 'பாகங்களே இல்லாத கிட்டு' என்ற தலைப்பில், கைவினைப் பொருட்களிலிருந்தே மின்னணுச் சாதனம் செய்வது பற்றி ஆய்வேடு எழுதினார். அங்கே பல்கலைக்கழகத்தில் பட்டம் தருகிற வேலைக்கு இங்கே 'நீட்டா இல்லை' என்று பெயர்.

இவ்வளவு பேசுகிறேனே, நான் யோக்கியமா என்றால், இல்லை. பல வருடங்களுக்கு முன் ஓர் அறிவியல் கண்காட்சிக்கு என்னை நடுவராகப் போட்டிருந்தார்கள். எட்டாவது படிக்கிற ஒரு பெண், துணி காயப்போடுகிற கிளிப் ஒன்றைக் கொண்டுவந்திருந்தாள். கிளிப்பின் இரண்டு வாயிலும் வெள்ளித்தாள், நடுவே ஒரு பிளாஸ்டிக் துண்டு, அதில் ஒரு நூல். நூலை ஆட்டுப்பட்டிப் படலில் கட்டிவிட வேண்டும். ராத்திரி யாராவது படலைத் திறந்தால் துண்டு உருவிக்கொள்ளும், கிளிப்பின் வாய் மூடும், உடைந்த பொம்மையில் கழற்றிய பஸ்ஸர் கத்தும். எங்கள் பக்கத்தில் ஆடு களவு போவது எவ்வளவு பெரிய இழப்பு என்று உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டிலும் போயிருந்தது.

பக்கத்து மேசையில் தெர்மாகோலில் ஒரு நீர்மின் நிலையம். பெயிண்ட், புல்தரை, குட்டி விளக்குகள். காசு கொடுத்துச் செய்தது என்று பார்த்தாலே தெரிந்தது. முதல் பரிசை நான் அதற்குப் போட்டேன். வந்திருந்த பெரியவர்கள் முன்னால் அழகாக இருக்கட்டுமே என்று நினைத்தேன். அந்தப் பெண் எதுவும் கேட்கவில்லை, கிளிப்பைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். பேரனின் அட்டை திரும்பி வந்த அன்று எனக்கு அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. அந்த மிஸ்ஸைத் திட்ட வாய் வரவில்லை.

அறிவியல் பெட்டியைப் பீரோவில் பூட்டி வைத்தவளும் நான்தான். ஒரு பல்பு உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் யார் எழுதுவது, தணிக்கைக்கு யார் பதில் சொல்வது? விலை போட்ட பொருள் என்றாலே கை நடுங்கும். ஜெம் கிளிப்புக்குத் தணிக்கை இல்லை, அதனால்தான் பிள்ளைகள் பயமில்லாமல் தொட்டார்கள். அடல் டிங்கரிங் லேப் என்று 2016-லிருந்து தேர்வான பள்ளிகளுக்கு 20 லட்சம் வரை மத்திய அரசு தருகிறது. நல்லதுதான், வாங்குங்கள். அது வந்து சேராத பள்ளியிலும் ஆறாம் வகுப்பில் மின்னியல் பாடம் இருக்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

"இது ரோபோ காலம்மா, ஜெம் கிளிப்பைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்களே" என்கிறான் மகன். ரோபோவுக்குள்ளும் சுவிட்ச்தானடா இருக்கிறது. நம்மூர் மூவர் கோயிலைப் பூதி விக்கிரமகேசரி கிட்டு வாங்கியா கட்டினான் என்று கேட்டேன். சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

பாதுகாப்பு பற்றிக் கேட்பவர்கள் கேட்பது நியாயம். வீட்டுக் கரண்ட் 230 வோல்ட், அதன் பக்கமே போகக் கூடாது, டார்ச் பேட்டரி மட்டும்தான். பொத்தான் பேட்டரியைச் சின்னப் பிள்ளைகள் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து, எட்டாத இடத்தில் வையுங்கள். எல்.இ.டி.யை 9 வோல்ட் பேட்டரியில் நேராக வைத்தால் கருகிவிடும். அந்த ஒன்று கருகட்டும், அதற்குப் பிறகு பிள்ளை கவனமாகிவிடும்.

என் மாணவர்களில் இன்று ஆசிரியராக இருப்பவர்களே, கோணல் மாணலாக ஒட்டிய அட்டையை யாராவது நீட்டினால் 'இது எப்படி எரிகிறது?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் சொன்னால் முழு மார்க் போடுங்கள். பளபளவென்று வருகிற பெட்டிக்கும் அதே கேள்வியைக் கேளுங்கள்.

வருகிற ஞாயிறு காலை பத்து மணிக்குப் பேரன் வருகிறான். ஆட்டுப்பட்டி அலாரம் செய்யப் போகிறோம். திண்ணையில் இடம் இருக்கிறது, உங்கள் பிள்ளைகளையும் அனுப்புங்கள். துணி கிளிப் என்னிடம் ஒரு டஜன் இருக்கிறது. உடைந்த பொம்மை இருந்தால் கொண்டு வாருங்கள், பஸ்ஸர் வேண்டும்.