சாக்கிலே கட்டிய பாவம்

கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் போன்ற நம் புதுக்கோட்டை மாவட்டத்து மீன்பிடித் துறைகளில் பூனைக்குப் பஞ்சமில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் பரிவு காட்டிய பிராணி என்று வீட்டுக்கு வீடு சோறும் வைக்கிறோம். நல்லது. அது நான்கைந்து குட்டிகளை ஈன்றதும் என்ன செய்கிறோம்? கண் திறவாதவற்றைச் சாக்கிலே கட்டிக் கண்மாய்க் கரையில் விட்டுவிட்டு, "நாம் கொல்லவில்லையே" என்று மனத்தைத் தேற்றிக் கொள்கிறோம்!

பூனையைக் கட்டிவைத்துப் பட்டினியால் சாகவிட்ட பெண் நரகம் புகுந்த ஹதீஸை மதரஸாவில் ஓதிக் கொடுப்பவர்கள் நாம். அவள் மட்டும் கத்தியெடுத்தா கொன்றாள்? பால்குடிக் குட்டிக்குக் கண்மாய்க் கரையில் உணவேது? 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும், பசி தாகத்தால் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவதைக் குற்றமென்றே கூறுகிறது.

பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினையாகிவிடும். சினைக்காலம் ஒன்பது வாரந்தான். பால் கொடுக்கும்போதே மறுபடியும் சினைப்படும். பிடித்து அகற்றினாலோ, மீன் கழிவு உள்ளவரை வேறு பூனைகள் வந்து சேரும். எனவேதான் உலகின் பல நகரங்களில், பிடித்த பூனைக்கு மயக்க மருந்து கொடுத்துக் கருத்தடை அறுவை செய்து, அடையாளமாகக் காது நுனியைச் சிறிதே கத்தரித்து, பிடித்த இடத்திலேயே விடுகின்றனர்.

"அல்லாஹ்வின் படைப்பை மாற்றலாமா?" என்று ஆலிம் நண்பர்கள் சினக்கின்றனர். உண்ணத்தகாத பிராணியைக் காயடிப்பது ஹராம் என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் எழுதியிருப்பதை நாமும் ஓதியவர்களே, மறைக்கவில்லை. ஆனால் ஹனஃபீகளின் 'துர்ருல் முக்தார்', பயனிருக்குமானால் ஆகும் என்று பூனையைப் பெயர் சொல்லியே அனுமதிக்கிறதே! 2001இல் மறைந்த சவூதி அறிஞர் இப்னு உஸைமீன், பூனைகள் பெருகித் தொல்லையாகுமிடத்து, அவற்றுக்குத் தீங்கில்லையெனில், கொல்வதைவிட இதுவே மேல் என்றார். முன்னோர் கண்டது மயக்க மருந்தில்லாத காலத்துக் கத்தி. நோவின் பேச்சு அங்கே பெரிது. இன்றைய நிலை வேறு. ஷாபிஈ சகோதரர்கள் தம் ஆலிம்களிடம் இதையும் சேர்த்தே கேட்கட்டும். கத்திக்கு ஃபத்வா கேட்கும் நாம், சாக்குக்கு என்றைக்காவது கேட்டதுண்டா?

ஜமாஅத்துகள் ஒரு கூண்டு வாங்கி, வண்டி வாடகையையும் மருத்துவச் செலவையும் ஏற்று, கால்நடை மருத்துவரிடம் முதலில் பெண் பூனைகளைக் கொண்டு செல்லட்டும். கந்தூரிப் பந்தலுக்குத் திரட்டும் தொகையில் சிறுபங்கே போதும்.